சோதனைக்கு ஒரு வேலுச்சாமி

நாகவள்ளிக்கு வேலுச்சாமியை இரண்டு வருடமாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. கணினித் திரையில் ஒரு வரியாகத்தான் தெரியும். பெயர் வேலுச்சாமி, தகப்பன் பெயர் இருளப்பன், ஊர் பரமக்குடிப் பக்கம், வேலை துபாயில் ஒரு கேட்டரிங் கம்பெனியின் சமையல் கூடத்தில். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் படுத்தாத பாடு கிடையாது. ஒரு நாள் அவருக்குச் சர்க்கரை நோய் வரவழைப்பாள், மறுநாள் குணப்படுத்துவாள். ஒரு தடவை அவர் பிறந்த தேதியை வரப்போகிற தேதியாகப் போட்டு, மென்பொருள் அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்தாள். இன்னும் பிறக்காத ஆளுக்கு இரத்தப் பரிசோதனைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது மென்பொருள். அதைக் கண்டுபிடித்ததற்காக ஆபீசில் அன்றைக்கு அவளைப் பாராட்டினார்கள்.

அவள் உத்தியோகமே அதுதான். மற்றவர்கள் எழுதுகிற மென்பொருள் எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்லும் டெஸ்டர். ராஜபாளையத்துக்காரி. கணவன் வாசுவோடும் மகள் சம்யுக்தாவோடும் துபாயின் கராமா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்தாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டு, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் திரும்பவும் வேலை தேடினாள். இன்டர்வியூவில் உங்களிடம் என்ன திறமை இருக்கிறது என்று கேட்டதற்கு, "எதையும் ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டேன் சார்" என்றாள். அதற்காகவே எடுத்துக்கொண்டார்கள் என்று வாசு இன்னமும் சொல்லிச் சிரிப்பான்.

கம்பெனி சிறியது. தொழிலாளர் கேம்ப்கள் இருக்கும் பக்கத்தில் நடக்கும் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தார்கள். ஒருவருக்குப் பரிசோதனை முடிந்தால் அதன் முடிவைப் பதிந்துகொண்டு, அவருக்குப் புரிகிற மொழியில் போனுக்குச் செய்தி அனுப்பும். இந்தி, உருது, வங்காளம், மலையாளம், தமிழ் எல்லாம் உண்டு. தமிழ் வாசகங்களை எழுதியது நாகவள்ளி. பிழையில்லாமல், மரியாதையாக, சுருக்கமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும் அல்லவா? கம்பெனி தொடங்கிய காலத்தில் யாரோ ஒருவர், கிளினிக்கின் நிஜ விவரங்களை அப்படியே பிரதி எடுத்து ஒரு தனி சர்வரில் வைத்துவிட்டார். அன்று முதல் எல்லோரும் அதைத்தான் புழங்கினார்கள். அது ஊர்ப் பொதுச் சத்திரம் போல. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எதை வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம். பழையதாகிவிட்டது என்று தோன்றினால் டீம் லீடர் நிதின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து அதன் மேல் போடுவான். நிதின் ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். கெட்டிக்காரன், அவசரக்காரன்.

போனில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால், வேலுச்சாமியின் வரியில் இருந்த போன் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டு வைத்திருந்தாள் நாகவள்ளி. அவருக்கு என்று அனுப்பினால் அவள் போனில் மணி அடிக்கும். அந்த மாற்றம் அந்தப் பிரதிக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் ஆபீஸ். புதிதாகச் சேர்த்த ஒரு தமிழ் வாசகத்தைச் சோதித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தாள். 'உங்கள் இரத்தப் பரிசோதனையில் குறை காணப்பட்டுள்ளது. உடனே கிளினிக்குக்கு வரவும்.' வேலுச்சாமிக்கு அனுப்பினாள். போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். வரவில்லை. நெட்வொர்க் கோளாறாக இருக்கும் என்று கடைசியாக ஒரு தடவை அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியை மூடினாள். மகளுக்கு நீச்சல் வகுப்பு இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம், ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக நிதின் புதுப் பிரதி போட்டிருந்தான். நாகவள்ளியின் எண் போய், பழைய எண் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. பழைய எண் என்றால் வேலுச்சாமியின் எண்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் ஆபீசுக்கு போன் செய்தார். இங்கே ஒருவர் வந்து நிற்கிறார், அவருக்கு மூன்று செய்தி போயிருக்கிறது, எங்கள் பதிவில் அவர் நன்றாக இருக்கிறார், இது என்ன என்று கேட்டார். கூடவே அந்த மனிதரின் போனைப் படம் எடுத்து அனுப்பினார். ஓரத்தில் விரிசல் விட்ட கண்ணாடி. அதற்குள் ஒன்றன் கீழ் ஒன்றாக நாகவள்ளி எழுதிய வாசகம். எழுத்து ஒன்றுகூட உடையவில்லை.

நிதினைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான், பிரதியைத் திறந்து பார்த்தான், மெதுவாக நாற்காலியில் சாய்ந்தான்.

"என் தப்பு. நான் ரெஃப்ரெஷ் பண்ணினேன், சொல்லல."

"அனுப்புனது நான்."

"கிளினிக்குக்கு ரிப்போர்ட் போடணும். அவங்க அவருக்கு அபிஷியலா லெட்டர் குடுப்பாங்க. ஒரு வாரம் ஆகும்."

"அந்த ஆளு சமையல் கூடத்துல வேலை பாக்குறாரு நிதின். இரத்தத்துல குறைன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் வெளிய நிறுத்திருவாங்க. ஒரு வாரம் யாரு பொறுப்பாங்க?"

மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, நர்ஸிடம் அந்த மனிதரைக் கொஞ்சம் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு, நாகவள்ளி மெட்ரோ பிடித்து, பிறகு பஸ் மாறி, கேம்ப்கள் இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் சுவரோரமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, முன்வழுக்கை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. திரையில் அவள் தொண்ணூறு வயதாக்கிப் பார்த்த வேலுச்சாமிக்கு நிஜத்தில் நாற்பத்தைந்துதான் இருக்கும். அவள் எதிரே உட்கார்ந்து, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துவிட்டு, நேரடியாகச் சொன்னாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மெசேஜ் அனுப்புனது நான்தான். மெஷினு சரியா வேலை செய்யுதான்னு பாக்க அனுப்புனேன். எனக்கு வரவேண்டியது உங்களுக்கு வந்துருச்சு."

வேலுச்சாமி அவளையே பார்த்தார். "ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. டாக்டர் உள்ள இருக்காரு, அவரே சொல்லுவாரு."

"மூணு தடவ வந்துச்சேம்மா. ஒண்ணு வந்தா தப்பா வந்திருக்கும்னு இருந்திருப்பேன். மூணுன்னதும் சரி, முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

நாகவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். செய்தி வந்த நேரத்தில் கிளினிக் மூடிவிட்டது, இனி திங்கட்கிழமைதான் திறப்பார்கள் என்பதால், முதலில் சூப்பர்வைசரிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் பேர் சாப்பிடும் சோறு, மறைக்கக் கூடாது என்று தோன்றியதாம். சூப்பர்வைசர் அவரைச் சமையல் கூடத்துக்குள் வரவேண்டாம் என்று சொல்லி, தனி ரூமில் படுக்க வைத்துவிட்டார். அவரோடு பல வருடமாக ஒரே ரூமில் இருக்கும் சோலைமுத்து மட்டும் தட்டில் சோறு கொண்டுவந்து, வாசலில் வைத்துவிட்டுப் போகாமல், உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வீட்டுக்குச் சொன்னீங்களா அண்ணே?"

அவர் பிளாஸ்டிக் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "வியாதின்னு சொல்லல. ஊருக்கு வந்துறலாம்னு இருக்கேன்னு மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோசம். வந்துருங்க, போதும், இங்கயே ஏதாவது பாத்துக்கலாம்னா. மகளுக்கிட்டயும் சொல்லிட்டா. நேத்து போன் போட்டப்ப உங்க கட்டில வெளிய எடுத்துப் போட்டு வெயில்ல காயவச்சிருக்கேன்னு சொல்றா." பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்றது நல்ல சேதிதாம்மா. ஆனா அவகிட்ட இப்ப வரலைன்னு எப்பிடிச் சொல்றது?"

மென்பொருளில் பிழை என்றால் எங்கே திருத்துவது என்று அவளுக்குத் தெரியும். பரமக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் வெயிலில் காய்கிற கட்டிலை எப்படி உள்ளே எடுத்து வைப்பது என்று தெரியவில்லை.

"லீவு இல்லையாண்ணே?"

"லீவு கெடக்கு. ஆள் பத்தலைன்னு போன வருசமே தள்ளிப் போட்டாங்க. நானும் கேக்கல. நமக்குக் கேட்டு வாங்கத் தெரியாது."

டாக்டரிடம் பேசி, வேலுச்சாமி ஆரோக்கியமாக இருக்கிறார், செய்தி தவறுதலாகப் போனது என்று கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிக்கொண்டாள். தாளை அவர் கையில் கொடுத்துப் போங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. அவரோடு கேம்புக்கு நடந்தாள். மதிய வெயிலில் இருவரும் கட்டட நிழலாகப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். வழியில் அவர், தன்னைப் பற்றி அந்த மெஷினில் வேறு என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். சர்க்கரை நோய் கொடுத்தது, தொண்ணூறு வயதாக்கியது, பிறக்காமலே பரிசோதனைக்கு அனுப்பியது எல்லாவற்றையும்.

வேலுச்சாமி நின்றுவிட்டார். கோபப்படப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் முகம் சிரிப்பா வருத்தமா என்று தெரியாத மாதிரி இருந்தது. "என் பேரை வச்சு இம்புட்டு நடந்திருக்கு. எனக்கே தெரியாது பாருங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அது சரியில்லம்மா" என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

சூப்பர்வைசர் சுஐபு காயல்பட்டினத்துக்காரர். தாளை இரண்டு தடவை படித்தார். நாகவள்ளி தன் பங்கைச் சொன்னதும் தலையாட்டினார். "நல்ல மனுசன்மா. அவரே வந்து சொன்னாரு. வேற ஆளுன்னா மறைச்சிருப்பான்" என்றார். பிறகு வேலுச்சாமியிடம், "நாளைக்கு டியூட்டிக்கு வாங்க" என்றார்.

வேலுச்சாமி நகரவில்லை. தரையைப் பார்த்தபடி, "எனக்கு லீவு வேணும்" என்றார். கேட்டுவிட்டு, தானே கேட்டதை நம்ப முடியாதவர் போல நாகவள்ளியைத் திரும்பிப் பார்த்தார். சுஐபு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டி, "நோன்புப் பெருநாளு முடியட்டும். அடுத்த வாரமே அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

அவள் வீடு திரும்பும்போது, 'அது சரியில்லம்மா' என்ற சொல் கூடவே வந்தது.

மறுநாள் ஆபீசில், அந்தப் பிரதியை அழித்துவிட வேண்டும் என்றாள். நிஜ மனிதர்களின் விவரம் சோதனைக்கு இனி வேண்டாம், நாமே கற்பனையாக ஆட்களை உண்டாக்கி மென்பொருளோடு சேர்த்து வைத்துக்கொள்வோம் என்றாள். போன் எண்களுக்கு யாருக்கும் மணி அடிக்காத எண்கள். எழுத்து போனில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க ஆபீசிலேயே ஒரு போன்.

நிதின் எதிர்த்தான். எரிச்சலோடு அல்ல, யோசித்துத்தான். "நாகா, நிஜ டேட்டாலதான் நிஜ பக் மாட்டும். நம்ம உக்காந்து எழுதினா எல்லாரும் நீட்டா இருப்பாங்க. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், கரெக்ட் டேட் ஆஃப் பர்த். உங்க வேலுச்சாமிக்கு லாஸ்ட் நேமே கிடையாது. பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜனவரி ஒண்ணு. இதெல்லாம் யாருக்கு இமாஜின் பண்ண வரும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் பிடித்த பிழைகளில் பாதி அப்படிப்பட்ட கோணல்களில் இருந்துதான் கிடைத்தவை. அதனால் அவள் வாதம் பண்ணாமல், அந்தக் கோணல்களை மட்டும் பொறுக்கினாள். ஒற்றைப் பெயர்க்காரர்கள், தகப்பன் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் இருப்பவர்கள், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் விசாவில் ஒரு மாதிரியும் பெயர் எழுதப்பட்டவர்கள், லீப் வருடத்தில் பிறந்தவர்கள், வலமிருந்து இடமாக எழுதும் பெயர்கள். மனிதரை விட்டுவிட்டுக் கோணலை மட்டும் எடுத்து, அதை ஒரு கற்பனை ஆளுக்கு உடுத்திவிட்டாள்.

அடுத்தது, இவர்களை எங்கே குடிவைப்பது? முதலில், மென்பொருளைத் தானாகவே ஓட்டிப் பார்க்க எழுதி வைத்திருந்த சோதனை நிரல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கு வேண்டிய ஆளை அங்கேயே எழுதினாள். படிக்கிறவனுக்கு எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஆனால் சீக்கிரமே ஒரே ஆள் பத்து இடத்தில் குடியிருந்தான். ஒரு விவரத்தை மாற்ற வேண்டுமென்றால் பத்து இடத்திலும் தேட வேண்டும். சரி என்று எல்லோரையும் சோதனைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் மாற்றினாள். அங்கே வேறு வம்பு வந்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் கௌஸ் முகம்மது தன் சோதனைக்காக ஒரு ஆளின் விசாவைக் காலாவதியாக்க, அந்த ஆளை நம்பியிருந்த மற்றவர்களின் சோதனைகள் வரிசையாக விழுந்தன.

"எக்கா, பழைய சர்வர்லயும் இதே கததான்" என்றார் கௌஸ் முகம்மது. மேலப்பாளையத்துக்காரர், எதையும் சிரித்தபடியே சொல்வார். "எடம் மாறிட்டு. பழக்கம் மாறல."

அது அவளுக்கு உறைத்தது. கடைசியில் நிதினும் அவளும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் பொதுவான சில ஆட்கள் கோப்புறையில் இருப்பார்கள், அவர்களை யாரும் தொடக்கூடாது. ஒருவனுக்கு வினோதமான ஆள் வேண்டுமென்றால் தன் சோதனைக்குள் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் ஏன் அந்த ஆள் என்று படிக்கிறவனுக்குப் புரியும். கூட்டமாக ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தால், சோதனை தொடங்கும்போது ஒரு நிரல் உண்டாக்கி, முடிந்ததும் கலைத்துவிடும். எதை மாற்றினாலும் நிரலை மாற்றுவது போல, இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உள்ளே போகும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதும் அதோடு தங்கிவிடும்.

"நீட்டா இல்லாத ஆளுங்களா போட்டிருக்கீங்க" என்று நிதின் கோப்புறையைப் பார்த்துச் சொன்னான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு. அவனும் ஒருவரைச் சேர்த்திருந்தான். பிறந்த தேதி அவனுடைய அப்பாவின் தேதி என்று தெரிந்ததும் நாகவள்ளி மாற்றச் சொன்னாள்.

"சும்மா ஒரு டேட் தானே?"

"அவருகிட்ட கேட்டீங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே மாற்றினான்.

பழைய பிரதியை அழிக்கும் நாளில்தான் அது ஒரே இடத்தில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. கௌஸ் முகம்மது சர்வரில் இருந்ததைத் துடைத்தார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார்கள். நிதினின் மெயிலில் ஒன்று கிடந்தது. நாகவள்ளியின் கணினியிலேயே, வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் இறக்கி வைத்தது ஒன்று இருந்தது. அழிக்கும் முன் கடைசியாக அவள் அந்த வரியைத் திறந்தாள். வேலுச்சாமி, தகப்பன் பெயர் இருளப்பன். பார்த்துவிட்டு, கோப்பை அழித்தாள்.

"கலாஸ், முடிஞ்சிட்டு" என்றார் கௌஸ் முகம்மது.

பெருநாள் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கேம்பில் அவள் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு, ஊர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. வேலுச்சாமி. ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். பின்னால் சேவல் கூவியது, யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. "வீட்டுல பேசணுங்குறா" என்று சொல்லி போனைக் கொடுத்தார்.

"நீங்கதானா அந்த மெசேஜ் அனுப்புனது?" என்றது ஒரு பெண் குரல், வேலுச்சாமியின் மனைவி. சுந்தராம்பாள்.

"ஆமாக்கா. நான்தான்." நாகவள்ளி சமையலறையிலிருந்து பால்கனிக்கு வந்து நின்றுகொண்டாள்.

"இங்க வந்து ராத்திரி சாப்புடும்போதுதான் எல்லாத்தையும் சொன்னாரு. எனக்கு அப்பறம் சோறு எறங்கல. ரெண்டு நாளு தனி ரூம்ல தனியாக் கெடந்திருக்காரு, எனக்குத் தெரியாது. நான் கட்டிலக் காயவச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

"மன்னிச்சுக்கங்கக்கா."

"நல்ல காரியம்னு சொல்ல மாட்டேன்" என்றாள் சுந்தராம்பாள். "ஆனா நீங்க நேர்ல போயி நின்னதையும் சொன்னாரு. போன்ல சொல்லிட்டு விட்டிருக்கலாம்ல. அதுக்காகத்தான் பேசணும்னு சொன்னேன்."

நாகவள்ளி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"இருக்காரு. காலையில இருந்து அடுப்படிய விட்டு நகர மாட்டேங்குறாரு. ஆயிரம் பேருக்கு ஆக்குன கை, மூணு பேருக்கு அளவு தெரியல. மத்தியானம் வச்ச கொழம்பு தெருவுக்கே போகுது." அவள் சிரித்தாள், பின்னாலிருந்து வேலுச்சாமி ஏதோ மறுத்துச் சொல்வது கேட்டது. "நீங்க எந்த ஊரு?"

"ராஜபாளையம்க்கா."

"ரொம்பத் தூரமில்ல. வந்தா வாங்க."

வருகிறேன் என்றாள் நாகவள்ளி. சுந்தராம்பாள் அதோடு விடவில்லை. எந்த மாதம் ஊருக்கு வருவீர்கள், எத்தனை பிள்ளைகள், மகள் தமிழ் பேசுவாளா என்று கேட்டுக்கொண்டே போனாள். உள்ளே சம்யுக்தா பசிக்கிறது என்று கூப்பிட்டாள். நாகவள்ளி வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள்.